ஏழாம் சதுரத்தில் எத்தனை காளான்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அது பென்டிரைவில் என் கடைக்கு வந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் தட்டச்சு, ஜெராக்ஸ், பைண்டிங் என்று போர்டு போட்ட கடை என்னுடையது. என் பெயர் அம்பலம். ஆராய்ச்சி மாணவர்கள் ஐந்து வருஷம் அலைந்து எழுதியதைக் கொண்டுவருவார்கள். நான் பக்க எண் போட்டு, அட்டவணைக்குக் கோடு இழுத்து, பொன்னெழுத்து பதித்த கறுப்பு அட்டைக்குள் தைத்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இறாலின் குடல்நோய் முதல் பழங்காலத்து வாய்க்கால் வரை எல்லாமே எனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தது ஒன்றும் இல்லாததால் கதை எழுதவும் ஆரம்பித்தேன்.

பென்டிரைவைக் கொண்டுவந்த பெண் சத்யப்பிரியா. காட்டிலும் தோப்பிலும் தானாக முளைக்கும் பூஞ்சைகளைப் பற்றிய ஆராய்ச்சி. எண்பத்தேழாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. பத்து இடங்கள், மூன்று மழைக்காலங்கள், ஆக முப்பது கட்டங்கள். அந்தந்த இடத்தில் அந்தந்த மழைக்கு எத்தனை வகைக் காளான் கண்டாள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். இருபத்தொன்பது நிரம்பியிருந்தன. ஏழாம் இடம், மூன்றாம் மழை மட்டும் காலி.

“மேடம், இது விட்டுப்போச்சா?”

“இல்லண்ணே. அத திங்கக்கெழம தர்றேன். மத்ததெல்லாம் முடிச்சு வைங்க.”

“ஒரே ஒரு நம்பர்தானே? சொல்லுங்க, இப்பவே போட்டுடலாம்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நம்பரைச் சொல்லச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் பேசினாள். நான் கோடு இழுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அவள் சொன்னது பாதி, நான் ஒட்டுப்போட்டது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமைக்குள் எனக்கே மறந்துவிடும்.

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) மழை பெய்துகொண்டிருந்தது. சத்யப்பிரியா குடையை—

[விட்டுவிட்டேன். ஐப்பசி மாதத்தில் கடலூர் மாவட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது என்று எழுதுவதும், அவளுக்கு இரண்டு காதுகள் இருந்தன என்று எழுதுவதும் ஒன்றுதான்.]

ஆ) பூஞ்சை என்பது செடியும் இல்லை, பிராணியும் இல்லை. அது ஒரு தனி ராஜ்யம். நண்டின் ஓட்டில் என்ன பொருள் இருக்கிறதோ அதே பொருள்தான் அதன் உடம்பிலும். நாம் காளான் என்று பறிப்பது அதன் காய் மட்டுமே. உடம்பு மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மெல்லிய இழைகளாக—

[இதை என் மனைவி கனகாம்பாளிடம் படித்துக் காட்டினேன். “இது எந்த கிளாசுக்கு?” என்றாள். விட்டுவிட்டேன். ஆனால் ‘காய் மட்டுமே’ என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.]

இ) விடியற்காலை நாலு மணிக்கு, ஊரே உறங்கிக்கிடக்கும்போது, செல்லாயி தன் துடைப்பத்தை எடுத்து—

[செல்லாயி எழுந்திருப்பது ஆறரைக்கு. டீ குடிக்காமல் துடைப்பத்தைத் தொடமாட்டாள். உழைக்கிற பெண்களைக் கதையில் நாலு மணிக்கே எழுப்பிவிடுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பாவம், தூங்கட்டும்.]

தொடக்கம் கிடைக்கவில்லை. நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

சத்யப்பிரியா கடலூர்க்காரி. அப்பாவுக்குச் சிப்காட்டில் ஷிப்டு வேலை. ‘பொண்ணு டாக்டருக்குப் படிக்கிது’ என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், பக்கத்து வீட்டுக்காரர்கள் முழங்கால் வலிக்கு அவளிடம் மருந்து கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. காளான் டாக்டர் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர்கள் அடுத்த முழங்காலுக்குப் போய்விடுவார்கள்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம். நாலு மூலையிலும் குச்சி, சுற்றிலும் நைலான் கயிறு. இதை அவள் சதுரம் என்பாள். பிச்சாவரத்துச் சதுப்பு ஓரத்தில் இரண்டு சதுரம், சவுக்குத் தோப்புகளில் நாலு, முந்திரிக்காட்டில் மூன்று. மிச்சம் ஒன்று, ஏழாம் எண், சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து ஏரிக்கரைத் தோப்பில். பத்துக்கும் வாரத்துக்கு ஒருமுறை பஸ், ஷேர் ஆட்டோ, நடை. மூன்று மழைக்காலமும் இப்படித்தான்.

பத்தையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. சத்யப்பிரியாவுக்கு ஏழாம் சதுரத்தின் மேல்தான் ஆசை. என்னிடம் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. பழைய இலுப்பை, நாவல், புங்கை மரங்கள். கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு. நடுவில் எப்போதோ புயலில் விழுந்த இலுப்பைக் கட்டை ஒன்று, இத்துப்போய், தொட்டால் உதிர்கிற நிலையில். அந்தக் கட்டைதான் ஊர் என்றால் அதில் தெருத்தெருவாகக் குடியிருப்பு. காது மடல் மாதிரி பழுப்பாகத் தொங்கும் ஒன்று. சின்ன விசிறியை அடுக்கி வைத்த மாதிரி வெள்ளையாக ஒன்று. கறுத்த விரல் போல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒன்று, அதைப் பார்த்தால் முதலில் பயம் வரும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கிண்ணமும் அதற்குள் கறுப்பு முட்டைகளுமாக, யாரோ சொப்பு வைத்து விளையாடிவிட்டுப் போன மாதிரி இன்னொன்று. மழைத்துளி அந்தக் கிண்ணத்தில் விழுந்தால் முட்டை தெறித்துப் போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். சருகுக்குள் நூல் போன்ற தண்டில் குட்டிக் குடைகள். வெயிலில் சுருண்டு செத்த மாதிரி கிடந்து, மழை வந்தால் எழுந்து நிற்கும்.*

* காலையில் முளைத்து மத்தியானத்துக்குள் தானே கரைந்து கறுப்பு மையாக ஒழுகிப்போகும் காளானும் உண்டு. என் கதைகள் பலவும் அப்படித்தான் என்று கனகாம்பாள் சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

முதல் மழைக்கு இருபத்துமூன்று வகை. இரண்டாம் மழைக்கு இருபது. பத்துச் சதுரங்களில் ஏழாம் சதுரத்தை எதுவும் நெருங்கவில்லை.

செல்லாயி அந்தப் பஞ்சாயத்தின் தூய்மைப் பணியாளர். ஐம்பது வயதுக்குப் பக்கம். முதல் வருஷம் ஒருநாள் ஏரிக்கரையில் வந்தவள், ஒரு பெண் குப்புறப் படுத்துக்கொண்டு சருகைத் துழாவுவதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் மண்டியிட்டுத் துழாவ ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். சத்யப்பிரியா, இவளுக்கும் காளான்மேல் ஆசைபோல என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“கெடைக்கல பாப்பா,” என்றாள் செல்லாயி கடைசியில். “எந்தக் காது?”

“என்னாக்கா?”

“கம்மலு எந்தக் காதுல இருந்து வுழுந்துச்சு?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சிநேகமாகிவிட்டார்கள். அதற்கப்புறம் சத்யப்பிரியா வரும் நாளெல்லாம் செல்லாயி ஒரு நடை வந்து பார்ப்பாள். ஒருநாள், இதெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்டாள். சத்யப்பிரியா மூன்று வருஷப் படிப்பையும் ஒரே வரியில் சொன்னாள்.

“உங்க வேலதான்க்கா செய்யுது. வுழுந்த எல, செத்த மரம் எல்லாத்தையும் தின்னு மண்ணாக்கி, மறுபடியும் மரத்துக்கே குடுக்குது. இது இல்லன்னா இந்த தோப்பு குப்பையிலயே முங்கிப்போயிடும்.”

செல்லாயி அந்தக் கட்டையை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள். “அப்ப இதுங்களும் நம்ம டிப்பார்ட்மென்ட்டு,” என்றாள்.

நன்றாகச் சொன்னாய் சத்யப்பிரியா. எல்லா வினையும் அந்த ஒரு வரியில்தான் ஆரம்பித்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் செல்லாயியை நான் சரியாக எழுதுகிறேனா?

கதையில் தூய்மைப் பணியாளர் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அழுவார், இல்லையென்றால் படித்தவர்கள் வெட்கப்படுகிற மாதிரி ஏதாவது தத்துவம் சொல்வார். செல்லாயி இரண்டுமே செய்யவில்லை என்று சத்யப்பிரியா அடித்துச் சொல்கிறாள். செல்லாயிக்கு வாய் ஜாஸ்தி. வேலையில் கர்வம் அதைவிட ஜாஸ்தி. குடியரசு தினத்தன்று பஞ்சாயத்தில் கொடுத்த பாராட்டுச் சான்றிதழை லேமினேட் செய்து, டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறாள். சாமி படம் அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக. அவள் பெருக்கிய தெருவில் யாராவது வாழைப்பழத் தோலைப் போட்டால் வீடு வரை போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவாள். மகள் இளமதி கல்லூரியில் பாட்டனி படிக்கிறாள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் பெருக்கும்போது மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நாலு உவமை இருந்தது. எடுத்துவிட்டேன்.

5

மூன்றாம் மழைக்காலம். மழை பிடிக்கத் தொடங்கிய நேரம், எண்ணிக்கை எதுவும் எடுக்கும் முன்பே, ஆராய்ச்சிக் கமிட்டி சதுரங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றது. பத்தையும் சுற்ற அவர்களுக்கு நேரம் இல்லை. ஒன்றைக் காட்டினால் போதும். எதைக் காட்டுவது என்று சத்யப்பிரியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வருகைக்கு முந்தின வாரம் செல்லாயியிடம் சொன்னாள். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

“அக்கா, வர்ற வியாழக்கெழம பெரிய சாருங்கள்லாம் இந்த எடத்த பாக்க வர்றாங்க. எனக்கு ரொம்ப முக்கியமான நாளு.”

“எத்தினி பேரு?”

“மூணு பேரு.”

“காருலயா?”

“ஆமாக்கா.”

“சரி பாப்பா. நீ ஒண்ணும் கவலப்படாத,” என்றாள் செல்லாயி.

வாசகரே, நீங்கள் இந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் இப்போதே நெற்றியில் கை வைத்திருப்பீர்கள். கலெக்டர் வந்தால், அமைச்சர் வந்தால், அட, ஒரு தாசில்தார் வந்தால்கூட ஊரில் முதலில் என்ன நடக்கும்? மூன்று வருஷம் கிராமம் கிராமமாக அலைந்தவளுக்கு அது தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் ஏரிக்கரையில் நின்றது. வழிகாட்டிப் பேராசிரியர் சிவசுப்ரமணியன் முதலில் இறங்கினார். பின்னால் கமிட்டி உறுப்பினர் ஒருவர். மூன்றாவது ஆள் வெளியூர் நிபுணர். ஆய்வுக்கூடத்திலேயே தலை நரைத்தவர், பூஞ்சையைச் சோதனைக் குழாய்க்கு வெளியே அதிகம் பார்த்ததில்லை. சத்யப்பிரியா முன்னால் ஓடினாள். நாவல் மரத்தைத் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழாம் சதுரம் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருந்தது.

ஒரு சருகு இல்லை. மண் தெரிய, விளக்குமாற்றுக் கோடு வரிவரியாகத் தெரிய, பெருக்கியிருந்தது. கயிற்றுக்கு வெளியே நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி பிளீச்சிங் பவுடர். உள்ளேயும் தாராளமாகத் தூவியிருந்தது. மூலைக்குச்சி நாலுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. கட்டை இருந்த இடத்தில் பதினோரு புள்ளிக் கோலம். கோலத்துக்குப் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூலில் மூன்று இளநீர். கரைக்கு அந்தப் பக்கம் எரித்த சருகிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சீருடை கஞ்சி மொடமொடக்கச் செல்லாயி நின்றாள்.

“வாங்க சார், வாங்க,” என்றாள்.

சிவசுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், மறுபடி கழற்றினார். வெளியூர் நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து இளநீரை உறிஞ்சியபடி நாலா பக்கமும் பார்த்தார்.

“ரொம்ப நீட்டா மெயின்டெய்ன் பண்றீங்களேம்மா,” என்றார். “எங்க ஸ்டூடன்ட்சுக்கு இத போட்டோ எடுத்துக் காட்டணும்.”

எடுத்தார். செல்லாயி ஓரமாக வந்து போட்டோவில் நின்றாள்.

6

[இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன்: அப்போது, கோலத்தின் நடுப்புள்ளியைப் பிளந்துகொண்டு, ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக் குடை தலை நீட்டியது.

எழுதியதும் கண் கலங்கிவிட்டது எனக்கு. பிறகுதான் உறைத்தது. ஒரு வாக்கியத்தில் காளானை முளைக்க வைக்க என்னால் முடியும். கதை எழுதுகிறவனை யார் கேட்பது? சத்யப்பிரியாவால் முடியாது. அவள் அந்த ஒரு வாக்கியத்தை ஆராய்ச்சியில் எழுதினால் அதற்குப் பெயர் வேறு. அடித்துவிட்டேன். முளைக்கவில்லை.]

கார் திரும்பும்போது, நிபுணரும் கமிட்டி உறுப்பினரும் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, சிவசுப்ரமணியன் சார் மெதுவாகச் சொன்னார்.

“இங்க பாரும்மா. ஏழாம் நம்பருக்குப் போன ரெண்டு வருஷத்து சராசரிய போட்டுடு. இருவத்திமூணு, இருவது. அங்க அவ்வளவு இருக்கும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஒண்ணும் இல்லாதத சொல்லப்போறதில்ல.”

“சராசரி இருவத்தொண்ணரை வருது சார்.”

“என்னது?”

“அரை வகை காளான் இருக்காது சார்.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப இருவத்திரெண்டுன்னு போடு.”

அவர் கெட்டவர் இல்லை. சத்யப்பிரியா திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னாள். கட்டம் காலியாக இருந்தால் கமிட்டி என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ‘பத்து இடம், மூன்று மழை என்றுதானே திட்டம் கொடுத்தாய்? இன்னொரு மழைக்காலம் போய்ப் பார்த்துவிட்டு வா.’ இன்னொரு மழைக்காலம் என்றால் இன்னொரு வருஷம். புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை தயாராக இருக்கிறது. ஜூனில் பட்டத்தோடு வந்தால் உண்டு. வராவிட்டால் வேறு ஆள்.

7

மறுநாள் சத்யப்பிரியா செல்லாயியைத் திட்டுவதற்காகவே பஸ் ஏறினாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கோபத்தில் உதடு அசைந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

செல்லாயி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வா பாப்பா. சாருங்க என்னா சொன்னாங்க? நல்லா இருந்திச்சுல்ல? நீதான சொன்ன, அதுங்க பெருக்குற வேல பண்ணுதுன்னு. நானும் மூணு வருசமா பாக்குறேன், அதுங்களால முடியவே இல்ல. அதான் நம்ம ஆளுங்க ரெண்டு பேரக் கூப்ட்டுகிட்டு ஒரே நாள்ல முடிச்சு வுட்டேன். அந்த இத்துப்போன கட்டைதான் லேசுல தூக்க முடியல. சாரு தடுக்கி வுழுந்துட்டா உனுக்குல்ல கெட்டப் பேரு? வண்டியில போட்டு தள்ளிட்டோம்.”

சத்யப்பிரியா வாயைத் திறந்தாள். டிவிக்கு மேலே லேமினேட் செய்த சான்றிதழ் பளபளத்தது.

“ரொம்ப சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னாங்கக்கா,” என்றாள்.

“அந்த பொஸ்தகத்துல நம்ம ஊரு வருமா?”

“வரும்க்கா. உங்க பேரும் வரும். நன்றின்னு முதல் பக்கத்துல போடுவோம்.”

செல்லாயி உள்ளே போய்த் தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். சத்யப்பிரியா அத்தனையையும் சாப்பிட்டாள். அன்றைக்கு இரவு வயிறு வலித்தது.

மூன்று வாரம் கழித்து செல்லாயியிடமிருந்து போன் வந்தது.

“பாப்பா, உன் ஆளுங்கள்லாம் இங்க வந்துட்டாங்க. வெரசா வா.”

பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால், மோட்டார் அறைச் சுவரோரம், அந்தக் கட்டை கிடந்தது. மழையில் ஊறி, உடம்பெல்லாம் காளானாக. காது மடல், வெள்ளை விசிறி, கறுத்த விரல், சொப்புக் கிண்ணம், எல்லோரும் இருந்தார்கள். கட்டையைச் சுற்றி இரண்டு ஆள் படுக்கிற அளவுக்குச் சருகும் குப்பையுமாகக் கிடந்தது. அதற்கு வெளியே ஒரு தூசி இல்லை.

“அந்த ஒரு எடத்த மட்டும் நான் பெருக்கல,” என்றாள் செல்லாயி. “கிளார்க்கு வந்து திட்டிட்டுப் போனாரு. திட்டிக்கட்டும்.”

சுவரில் கரியால் கோடு போட்டிருந்தாள். புதிதாக ஒரு வகை வந்தால் ஒரு கோடு. பதினேழு கோடுகள். சத்யப்பிரியா குனிந்து எண்ணினாள், பதினாறுதான் வந்தது.

“இதும் அதும் ஒண்ணுதான்க்கா.”

“ஒண்ணு இல்ல பாப்பா. அடியில பாரு. அதுக்குப் பல்லு பல்லா இருக்கு, இதுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கு.”

சத்யப்பிரியா லென்சை எடுத்தாள். பதினேழுதான்.

சிவசுப்ரமணியன் சாரிடம் இதைச் சொன்னபோது துள்ளிக் குதித்தார். “அதே கட்டதானேம்மா! பதினேழுன்னு போடு. பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

ஆனால் அது கட்டையின் கணக்கு. சதுரத்தின் கணக்கு இல்லை. சருகில் வாழ்ந்ததெல்லாம் சருகோடு போயிற்று.

8

ஆக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் முன்னால் ஒரு காலிக் கட்டமும் நாலு முடிவுகளும் இருந்தன.

இருபத்திரண்டு என்று போடலாம். யாருக்கும் தெரியாது. பட்டம், வேலை, செல்லாயியின் கர்வம், எல்லாம் பத்திரம். தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவள், சார், நான். இப்போது உங்களையும் சேர்த்துவிட்டேன், மன்னியுங்கள்.

பதினேழு என்று போடலாம். இதற்குச் சாட்சியாகக் கரிக்கோடுகூட இருக்கிறது.

பூஜ்யம் போடலாம். நான் இதைத்தான் நேர்மை என்று நினைத்து அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருஷ அனுபவமும் போய்விட்டது. “பூஜ்யம்னா, போயி பாத்தேன், அங்க எதுவுமே இல்லன்னு அர்த்தம்ணே. அதுவும் பொய்தான். மண்ணுக்கு அடியில இழை இருக்கும். மேல வரலன்னா இல்லன்னு ஆயிடுமா?” (காய் மட்டுமே. நினைவிருக்கிறதா?)

கடைசியாக, காலியாகவே விட்டு, நட்சத்திரக் குறி போட்டு, கீழே ‘இடம் பெருக்கப்பட்டது’ என்று எழுதலாம். அதுதான் நடந்தது. ஆனால் ஒரு புத்தகத்தில் முதல் பக்கத்தில் செல்லாயிக்கு நன்றி, எண்பத்தேழாம் பக்கத்தில் செல்லாயி செய்த நாசம். இளமதி பாட்டனி படிக்கிறவள். வாசித்து அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாளா? அத்தோடு அந்த ஒரு வருஷம்.

“நீங்களா இருந்தா என்னாண்ணே பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். கனகாம்பாளிடம் கேட்டேன். “நீ கோடு மட்டும் போடு,” என்றாள்.

9

திங்கட்கிழமை சத்யப்பிரியா தனியாக வரவில்லை. கூடவே நீலச் சீருடையில் ஒரு பெண்.

எழுதிக்கொண்டிருக்கும் கதையின் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மானிட்டரைத் திருப்பி வைத்தேன். நான் எழுதியதைவிட உயரமாக இருந்தாள்.

“இவுருதான் பொஸ்தகம் தெக்கிறவரா?” என்றாள் செல்லாயி. கடைத் தரையை ஒரு பார்வை பார்த்தாள். நான் காலால் ஒரு காகிதத் துண்டை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

புத்தகத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் சத்யப்பிரியா அழைத்துவந்திருக்கிறாள். சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, சொல்லவில்லை என்று. எனக்கு அது உறைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நம்பர் கொண்டாந்தீங்களா மேடம்?”

“என்னா நம்பரு?” என்றாள் செல்லாயி.

சத்யப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சருகு, பவுடர், கட்டை, காலிக் கட்டம், இருபத்திரண்டு, ஒரு வருஷம். “உங்க மேல தப்பு இல்லக்கா. நான்தான் சரியா சொல்லல.”

செல்லாயி மேசைமேல் கிடந்த, அச்சடித்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் பாப்பா,” என்றாள்.

“என்னா தெரியும்?”

“அன்னைக்கி நீ அதிரசம் துன்னுட்டுப் போன பொறவு இளமதி வந்திச்சு. நான் பெருமையா சொன்னேன். அது தலையில கைய வெச்சிகிட்டு உக்காந்துடுச்சு. நீ திட்டவே இல்லியே. அத்தினியும் துன்னியே. எனுக்கு வந்து சொல்ல வாயி வர்ல. அதான், அந்தக் கட்ட போட்ட எடத்த மட்டும் பெருக்காம வுட்டேன். வேற என்னா பண்றதுன்னு தெரியல.”

இரண்டு பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி இத்தனை மாதம் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்தத் திருப்பத்தை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நம்பமாட்டீர்கள் என்று அடித்திருப்பேன்.

செல்லாயிதான் முதலில் தெளிந்தாள். விரலால் காலிக் கட்டத்தைத் தொட்டாள்.

“இதுல என்னா போடப் போற?”

“தெரியலக்கா.”

“பெருக்கிட்டாங்கன்னு போடு. பெருக்கினது நெசந்தான? எம்பேரயும் போட்டுக்க, பயந்துடுவனா நானு? ஆனா ஒண்ணு.”

“என்னாக்கா?”

“நல்லா பெருக்கினாங்கன்னு போடு.”

சத்யப்பிரியா அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் கீழே விழுந்த காகிதத்தைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

அப்புறம் செல்லாயி, வந்ததும் நான் எதை மறைத்தேன் என்று கேட்டு, மானிட்டரைத் திருப்பச் சொல்லி, என் கதையைப் படித்துக்காட்டச் சொன்னாள். ஐந்தாம் பகுதியில் நிறுத்தினாள். கோலம் பதினோரு புள்ளி இல்லையாம், பதிமூன்று. மேலே போய்த் திருத்தவில்லை. அவள் திருத்தினாள் என்பது தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

10

இனி என்னால் எழுத முடியாது. கமிட்டி மார்ச்சில் கூடுகிறது. அங்கே நான் இல்லை. அவளும் வெளியே பெஞ்சில் காத்திருப்பாள்.

உள்ளே நீங்கள்தான் இருக்கிறீர்கள். கறுப்பு அட்டை, பொன்னெழுத்து, எண்பத்தேழாம் பக்கம். இருபத்தொன்பது எண்கள். ஏழாம் வரிசையில் இருபத்துமூன்று, இருபது, அதற்கப்புறம் வெறும் வெள்ளைக் கட்டம், அதில் ஒரு நட்சத்திரக் குறி. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

* ஆய்வாளர் சரியாக அறிவிக்காததால் இந்த இடம் பெருக்கப்பட்டது, நன்றாகப் பெருக்கப்பட்டது. எண்ண முடியவில்லை.

இன்னொரு வருஷம் போய்வா என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. விதியும் உங்கள் பக்கம்தான். கையெழுத்துப் போடும் இடம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கோடு நான் இழுத்ததுதான். பேனா உங்களிடம் இருக்கிறது.